நோய் எதிர்ப்பு சக்தியைப் பாட்டிலில் வாங்க முடியுமா?

கேள்வி: எங்கள் மகளிர் குழுக் கூட்டத்துக்கு வந்த ஒருவர், நோய் எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் என்று சொல்லி ஒரு பொடியும் மாத்திரையும் விற்கிறார். மூன்று மாதத்துக்கு 4,800 ரூபாய். யுகேஜி படிக்கும் என் மகனுக்கு அடிக்கடி சளி பிடிக்கிறது. மாமியார் முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறார். இருவருக்கும் வாங்கலாமா? (வாசகி, திங்கள்சந்தை)

பதில்: வாங்க வேண்டாம். அதிலும் மாமியாருக்குக் கொடுக்கவே கூடாது.

முடக்குவாதம் எதிர்ப்பு சக்தி குறைந்து வரும் நோய் அல்ல. கிருமியோடு மோத வேண்டிய வெள்ளையணுக்கள் சொந்த மூட்டுகளையே தாக்குவதால் வருவது. அந்தத் தாக்குதலை அடக்கத்தான் மருத்துவர் மெத்தோட்ரெக்சேட் தருகிறார். ஒரு பக்கம் அடக்க மருந்து, மறுபக்கம் தூண்டப் பொடி என்றால் அவஸ்தைப்படுவது அவர்தான். இத்தகைய பொடிகள் பலவற்றில் சீந்தில் என்ற மூலிகைக் கொடியைச் சேர்க்கிறார்கள். சீந்தில் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதை மும்பை மருத்துவர்கள் 2021-இல் பதிவு செய்தார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை ஏற்கவில்லை. ஆனால் மெத்தோட்ரெக்சேட்டே கல்லீரலைப் பாதிக்கக்கூடிய மருந்து. இந்த நிலையில் சோதித்துப் பார்க்க அவர் உடல் இடமல்ல. லேபிள் இல்லாத மூட்டுவலிப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்து விற்பதும் பலமுறை பிடிபட்டிருக்கிறது. அவருக்கு மருந்து தரும் மருத்துவரிடம் காட்டாமல் எதுவும் கொடுக்காதீர்கள்.

இனி மகன். பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிள்ளைக்கு ஆண்டுக்கு ஆறு, எட்டு முறை சளி பிடிப்பது இயல்பு. சளி உண்டாக்கும் வைரஸ்களில் ரைனோவைரஸ் மட்டுமே நூற்றுக்கு மேற்பட்ட வகை. ஒவ்வொன்றையும் உடல் முதன்முறை சந்திக்கும்போது மூக்கு ஒழுகும், காய்ச்சல் வரும். அந்தக் காய்ச்சலும் எதிர்ப்பின் ஒரு பகுதிதான். காலில் முள் குத்திப் பழுத்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுமே, அங்கே நடப்பது இதுதான்: கிருமியின் அடையாளம் நிணநீர்க் கணுவுக்கு, அதாவது நெறியாக வீங்கும் அந்த முடிச்சுக்கு, போய்ச் சேர்கிறது, அதற்குப் பொருத்தமான வெள்ளையணுக்கள் பெருகுகின்றன, கிருமியைப் பிடித்து முடக்கும் எதிர்ப்பொருள் உருவாகிறது. வேலை முடிந்த பிறகும் சில அணுக்கள் அந்தக் கிருமியை நினைவில் வைத்துக்கொண்டு தங்கிவிடும். எந்தப் பொடியும் அந்த நினைவை உண்டாக்காது. நோயில் விழாமலே அதை உண்டாக்குவது தடுப்பூசி. யுகேஜி வயது என்பதால் கேட்கிறேன்: தொண்டை அடைப்பான், கக்குவான், டெட்டனஸ் மூன்றுக்கும் எதிராக ஐந்து வயதில் போட வேண்டிய டிபிடி ஊக்கத் தடுப்பூசி போட்டாயிற்றா? அட்டையை எடுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். அங்கே இலவசம்.

சாப்பாட்டுக்கு நம் குமரி மாவட்டத்தில் குறையே இல்லை. சாளையும் நெத்தோலியும் முருங்கைக்கீரையும் பயறும் மாறி மாறி இலையில் விழுந்தால் புரதம், இரும்பு, துத்தநாகம் கிடைத்துவிடும். ஒரு கொய்யாப்பழம் ஒரு நாளைக்கு வேண்டிய வைட்டமின் சி-யைத் தந்துவிடும். அதற்கு மேல் மாத்திரையாக விழுங்குவதில் பெரும்பகுதி சிறுநீரில் போய்விடும். இரவில் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும். வீட்டுக்குள் யாரும் பீடி, சிகரெட் பிடிக்கக் கூடாது. அந்தப் புகை பிள்ளையின் மூச்சுக்குழலின் காப்பையே கெடுக்கிறது. திரும்பத் திரும்ப நிமோனியா வந்தாலோ, காதில் சீழ் வடிந்தாலோ, எடை ஏறாமல் நின்றாலோ அது வேறு விஷயம். குழந்தை மருத்துவரிடம் உடனே காட்டுங்கள்.

விற்க வந்தவரிடம் பாட்டிலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். உணவுத் துணைப்பொருள் என்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையம் (FSSAI) தரும் 14 இலக்க உரிம எண் இருக்க வேண்டும். மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்ற வாசகமும் இருக்க வேண்டும். அந்த வாசகத்தை அச்சடித்துவிட்டு நோய் தீரும் என்று வாயால் சொல்வது ஏமாற்று. 2021-ஆம் ஆண்டின் நேரடி விற்பனை விதிகளின்படி இப்படி விற்பவர் அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும். குழுவில் இருக்கும் மற்ற பெண்களிடமும் இதைச் சொல்லுங்கள். அங்கே ஒருவர் வாங்கினால் மறுக்கக் கூச்சப்பட்டே பத்துப் பேர் வாங்கிவிடுகிறார்கள்.

கேள்வி: இதேபோன்ற ஒரு டானிக்குக்குப் பணம் கட்டிவிட்டேன். சர்க்கரை நோயே குறையும் என்றார்கள், குறையவில்லை. திறந்த பாட்டிலைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்கிறார்கள். பில்லும் தரவில்லை. (வாசகர், கருங்கல்)

பதில்: பில் இல்லை என்று விட்டுவிடாதீர்கள். கைப்பேசியில் பணம் அனுப்பிய பதிவு, அவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய விளம்பரம், பாட்டில் மூன்றையும் பத்திரமாக வையுங்கள். சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை, மாய மருந்து விளம்பரங்களுக்கு எதிரான 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. முதலில் பணத்தைத் திருப்பிக் கேட்டு நிறுவனத்துக்குப் பதிவுத் தபால் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். அதிலும் தீராவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு போய்ச் சேர வேண்டும். டானிக்கை நம்பிச் சர்க்கரை மாத்திரையை நிறுத்தியிருந்தால், புகாருக்கு முன்பு இரத்தத்தைப் பரிசோதித்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.