கேளுங்கோ சொல்லுறன்: கோச்சிக்காரரின்ர கிளப்

கேள்வி: என்ர மகன் ரவுணில நடைபாதைக் கடையொண்டில மஞ்சளும் கறுப்பும் கோடு போட்ட ஜேர்சி ஒண்டு வாங்கிக்கொண்டு வந்து, தோய்க்கக்கூடக் கழட்டித் தாறானில்லை. பிரேசில் ரீம் எண்டுறான். படம் அனுப்பியிருக்கிறன், என்ன ரீம் எண்டு சொல்லுங்கோ. (கொக்குவிலில இருந்து ஒரு தாய்)

படம் அனுப்பினது நல்லதாப் போச்சு அம்மா. அது பிரேசில் இல்லை, உருகுவே. கிளப்பின்ர பேர் பெஞ்ஞரோல். உங்கட மகன் தெரிஞ்சு வாங்கினானோ தெரியாமல் வாங்கினானோ, நல்ல கிளப்பைத்தான் வாங்கியிருக்கிறான், எனக்குத் தென்னமெரிக்காவில ஒரே ஒரு கிளப்பைச் சொல்லு எண்டு கேட்டால் நானும் இதைத்தான் சொல்லுவன்.

அந்த மஞ்சளும் கறுப்பும் கோச்சியின்ர நிறம். உருகுவேயின்ர தலைநகரம் மொன்ரவிடியோ. அதுக்குக் கொஞ்சம் வெளியால பெஞ்ஞரோல் எண்டு ஒரு இடம், இத்தாலியில பினரோலோ எண்ட ஊரில இருந்து வந்து குடியிருந்த ஒருத்தரால வந்த பேர் அது, வாயில புரண்டு புரண்டு பெஞ்ஞரோல் ஆயிட்டுது. அங்கதான் இங்கிலிஸ்காரரின்ர ரயில் கொம்பனி தன்ர பெரிய வேர்க்‌ஷொப்பைப் போட்டது. எஞ்சின் திருத்திறவை, கரி அள்ளுறவை, கந்தோரில கணக்கெழுதுறவை எண்டு ஊர் முழுக்க கோச்சிச் சனம். 1891 செப்ரெம்பர் 28இல அவையள் 118 பேர் கூடி ஒரு கிளப் துடங்கிச்சினம். 72 பேர் இங்கிலிஸ்காரர், 45 பேர் உருகுவேக்காரர், ஒரே ஒருத்தர் ஜேர்மன்காரர். பேர் என்ன தெரியுமோ, சென்றல் உருகுவே ரயில்வே கிரிக்கெட் கிளப். ஓம், கிரிக்கெட்! அடுத்த வருசமே உதைபந்தாட்டத்துக்குப் போட்டினம், 1900இல அந்த நாட்டில முதல் முதலா நடந்த சம்பியன்ஷிப்பையும் அவையள்தான் வெண்டது.

அந்த நீளமான இங்கிலிஸ் பேர் அங்கத்தைச் சனத்துக்கு வாயில நுழையேல்லை. அதால பெஞ்ஞரோல், பெஞ்ஞரோல் எண்டு ஊர்ப் பேரையே சொல்லிக் கத்தத் துடங்கிச்சினம். நாங்கள் பாசையூர் ரீம், நாவாந்துறை ரீம் எண்டு சொல்லுறமே, அப்பிடித்தான். கரி அள்ளின ஆக்கள் எண்டதால கரிக்காரர் எண்டு இண்டைக்கும் கூப்பிடுவினம், அதை அவையள் பட்டம் மாதிரிப் பெருமையாத்தான் வைச்சிருக்கினம்.

கேள்வி: ஒன்லைனில பெஞ்ஞரோல் ஆக்களும் நசியொனால் ஆக்களும் எந்தக் கிளப் பழசு எண்டு எந்த நேரமும் சண்டை பிடிக்கினம். 1891க்கும் 1899க்கும் இடையில எது முதல் எண்டு பார்க்கிறதில என்ன சிக்கல்? (இளவாலை மாணவன்)

தம்பி, சிக்கல் 1913இல இருக்கு. நசியொனால் அதே மொன்ரவிடியோவில 1899இல மாணவர் சேர்ந்து துடங்கின கிளப், வெள்ளைக்காரரின்ர கிளப்புகளுக்குப் பதிலா உருகுவேப் பெடியளுக்கு எண்டு ஒரு கிளப். அது நியாயமான பெருமைதான், நான் மறுக்கேல்லை. அங்கால ரயில் கிளப்பில என்ன நடந்தது எண்டால், கொம்பனிக்கு மேலாளா வந்தவருக்கு உதைபந்தாட்டம் கண்ணில காட்டக்கூடாது, வேலை கெடுது காசு போகுது எண்டு. பிறகு மட்ச் முடிஞ்ச ஆத்திரத்தில எதிர் ரீமை ஏத்தி வந்த கோச்சிப் பெட்டி ஒண்டையும் எரிச்சுப்போட்டினம், அது பிழை, அதுக்குப் பிறகு கொம்பனிக்கும் கிளப்புக்கும் ஒட்டவே இல்லை. 1913இல கிளப்காரர் போய்க் கேட்டினம், பேரில பெஞ்ஞரோல் எண்டும் சேருங்கோ, கொம்பனியில வேலை செய்யாத ஆக்களையும் கூட உள்ள எடுங்கோ எண்டு. கொம்பனி மாட்டன் எண்டுட்டுது. அந்த வருசம் டிசெம்பர் 13இல உதைபந்தாட்டப் பகுதி பிரிஞ்சு தனியா நிண்டது, பெஞ்ஞரோல் எண்ட பேரோட.

நசியொனால் ஆக்கள் சொல்லுறது, அப்ப நீங்கள் பிறந்தது 1913இல, நாங்கள்தான் மூத்தவை எண்டு. என்னைக் கேட்டால் 1891தான் சரி. அதே விளையாட்டுக்காரர், அதே நிறம், அதே சனம். பதிவுப் புத்தகத்தில பேர் மாறினதால கிளப் புதுசா வந்து பிறக்கிறேல்லை. உரும்பிராயில ஒரு வீட்டுக்குப் படலை மாத்தினால் வீடு புது வீடோ? கொம்பனி விலகிப் போச்சு, விளையாடினவையும் பார்த்தவையும் விலகேல்லை, கிளப் எண்டுறது அவையள்தான். இதில நசியொனால் ஆக்கள் என்னோட கோவிச்சாலும் பரவாயில்லை.

கேள்வி: எங்கட பக்கத்தில நல்லா விளையாடுற பெடியன் ஒருத்தனை, அவன் எந்த வீட்டுப் பிள்ளை எண்டு பார்த்துப்போட்டு ரீமில சேர்க்காமல் விட்டிட்டினம். இது உலகம் முழுக்க இப்பிடித்தானோ? (பேர் போட வேண்டாம் எண்டு கேட்டிருக்கிறார்)

உங்கட கடிதத்தை நான் ரெண்டு தரம் வாசிச்சன், மனம் கஸ்ரமாப் போச்சு. செய்தது பிழை, அதுக்கு எந்தச் சமாதானமும் இல்லை.

இதே பெஞ்ஞரோலில இருந்த ஒருத்தரைப் பற்றிச் சொல்லுறன், அந்தப் பெடியனுக்கும் சொல்லுங்கோ. இசபெலினோ கிராதின் எண்டு பேர், அடிமைகளாப் பிடிச்சுக்கொண்டு வந்த ஆபிரிக்கரின்ர வழியில வந்தவர். 1916இல தென்னமெரிக்க நாடுகளுக்கிடையில முதல் சம்பியன்ஷிப் ஆர்ஜென்ரீனாவில நடந்தது, உருகுவே முதல் மட்ச்சில சிலியை 4-0 எண்டு அடிச்சுது, அதில ரெண்டு கோல் கிராதின் போட்டது, அப்ப அவருக்கு இருபது வயசு கூட ஆகேல்லை. தோத்த சிலிக்காரர் என்ன செய்தினம் எண்டால், உருகுவே ஆபிரிக்கரை இறக்கி விளையாடினது, அந்த வெற்றி செல்லாது எண்டு முறைப்பாடு குடுத்தினம். காரணம் கிராதினும் டெல்காதோ எண்ட இன்னொரு கறுப்பு வீரரும் ரீமில இருந்தது. உருகுவே ரெண்டு பேரையும் விட்டுக்குடுக்கேல்லை. கப்பையும் உருகுவேதான் எடுத்தது, அந்தத் தொடரில கூடக் கோல் போட்டதும் கிராதின்தான். ஓட்டத்திலயும் ஆள் விண்ணன், 200 மீற்றர், 400 மீற்றரில தென்னமெரிக்காச் சம்பியன்.

மற்ற நாடுகள் கறுப்பரை ஒதுக்கி வைச்ச காலத்தில இந்தச் சின்ன நாடு சேர்த்து விளையாடிச்சு, அதால வெண்டுது. உங்கட ஊர்க் கிளப்புக்கும் இதைக் காட்டுங்கோ. அந்தப் பெடியனை வேற கிளப்புக்கு விளையாட விடுங்கோ, பயிற்சியை மட்டும் விடவேண்டாம்.

கேள்வி: 1950 உலகக் கிண்ணத்தில உருகுவே பிரேசிலை வெண்டது வெறும் அதிர்ஷ்டம் எண்டு பேரன் சொல்லுறான். நான் இல்லையெண்டுறன். ஆர் சரி? (பாசையூர், ஓய்வுபெற்ற ஆசிரியர்)

நீங்கள்தான் ஐயா சரி. 1950 யூலை 16, ரியோவில மரக்கானா மைதானம், பிரேசிலுக்கு ட்ரோ வந்தாலே காணும், கப் அவையளுக்கு. ரெண்டாம் பாதி துடங்கின உடன பிரேசில் கோல் போட்டுட்டுது. அப்ப உருகுவேயின்ர கப்டன் ஒப்துலியோ வரேலா பந்தை எடுத்துக் கக்கத்தில வைச்சுக்கொண்டு ஆற அமர நடந்து லைன்ஸ்மனோட போய் வாதாடத் துடங்கினார், நடுவரோடயும் வாதாடினார், அவ்வளவு சனமும் கத்தின கத்து மெல்ல மெல்ல அடங்கும்மட்டும் பந்தைக் குடுக்கேல்லை. அதுக்குப் பிறகுதான் நடுவில கொண்டுவந்து வைச்சார். இது அதிர்ஷ்டமோ ஐயா? இது தலை. பிறகு ஸ்கியபீனோ ஒண்டு, கிஜ்ஜியா ஒண்டு, 2-1.

இதில பேரனுக்குச் சொல்ல வேண்டியது: வரேலா, ஸ்கியபீனோ, கிஜ்ஜியா, மிகெஸ், கோல் கீப்பர் மாஸ்போலி, அண்டைக்கு இறங்கின பதினொரு பேரில இந்த அஞ்சு பேரும் பெஞ்ஞரோல். வருசக்கணக்கா ஒண்டா விளையாடிப் பழகின ஆக்கள், ஒருத்தன் திரும்பிப் பார்க்காமலே மற்றவன் எங்க நிக்கிறான் எண்டு தெரியும். எதிர்ப்பக்கம் எவ்வளவு சனம் கத்தினாலும் அந்தப் பழக்கம் எங்க போகும்?

வரேலாவைப் பற்றி இன்னுமொண்டு. சின்ன வயசில பேப்பர் வித்த ஆள். 1948இல உருகுவே விளையாட்டுக்காரர் தங்கட உரிமைக்காக வேலைநிறுத்தம் செய்தபோது முன்னுக்கு நிண்டவர். மரக்கானாவில வெண்ட இரவு ரீமோட கொண்டாடாமல் வெளிக்கிட்டு ரியோவில மதுக்கடைகளில போய், அழுதுகொண்டிருந்த பிரேசில் சனத்தோடயே இருந்து விடியவிடியக் குடிச்சார். அண்டைக்கு அவையளைப் பார்க்கத் தனக்குத் துக்கமா இருந்தது எண்டு பிறகு சொன்னார். எனக்கு அந்த ரெண்டு கோலையும் விட இதுதான் பெரிசு.

கிஜ்ஜியா செத்ததும் யூலை 16தான், 2015இல, சரியா 65 வருசத்துக்குப் பிறகு.

கேள்வி: பெஞ்ஞரோலுக்கு விளையாடினதில ஆர் திறம்? (சுன்னாகம்)

கோல் கணக்கெண்டால் அல்பேர்த்தோ ஸ்பென்சர். எக்குவடோர்க்காரர். தென்னமெரிக்கக் கிளப்புகளுக்கான கோப்பா லிபர்த்தடோரஸ் கப்பில 54 கோல், இண்டைவரைக்கும் ஒருத்தரும் தாண்டேல்லை. அதில 48 பெஞ்ஞரோலுக்குப் போட்டது. அந்தக் கப் 1960இல துடங்கினது, முதல் ரெண்டு வருசமும் பெஞ்ஞரோல்தான் எடுத்தது. 1966இல திருப்பி எடுத்தது, பைனலில ஆர்ஜென்ரீனாவின்ர ரிவர் பிளேற்றோட மூண்டாவது மட்ச்சில 2-0 பின்னுக்கு நிண்டு 4-2 எண்டு வெண்டது. அந்த வருசமே ஸ்பெயினின்ர ரியல் மட்ரிட்டை மொன்ரவிடியோவிலயும் மட்ரிட்டிலயும் 2-0, 2-0 எண்டு வெண்டது.

கேள்வி: மட்ச் முடிய அஞ்சு நிமிசம் இருக்கேக்கை இவர் ரீவியை நிப்பாட்டிப்போட்டுப் படுக்கப் போறார், இனி என்ன நடக்கப் போகுது எண்டு. நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கோ. (மானிப்பாய், ஒரு மனைவி)

அக்கா, அவருக்கு 1987 கதையைச் சொல்லுங்கோ. லிபர்த்தடோரஸ் பைனல், பெஞ்ஞரோலும் கொலம்பியாவின்ர அமெரிக்கா டி கலி எண்ட கிளப்பும். ஆளுக்கொரு மட்ச் வெண்டு, மூண்டாவதை சிலியில சந்தியாகோவில வைச்சினம். கோல் வித்தியாசத்தில அமெரிக்கா முன்னுக்கு, அதால ட்ரோ எண்டாலே கப் அவையளுக்கு. தொண்ணூறு நிமிசம் போச்சு 0-0. கூடுதல் நேரமும் முடியப்போகுது, 120ஆவது நிமிசம், அந்தப் பக்கம் கொண்டாட ஆயத்தம். தியேகோ அகிரே எண்ட பெடியன் இடது காலால அடிச்சான், கோல். அஞ்சு நிமிசம் இல்லை அக்கா, ஒரு நிமிசம்கூட மிச்சமில்லை. அமெரிக்காக்காரர் அதோட தொடர்ந்து மூண்டு வருசம் பைனலில தோத்தது, பாவங்கள். பெஞ்ஞரோலுக்கு அது அஞ்சாவது லிபர்த்தடோரஸ், இண்டைக்குவரைக்கும் கடைசியும் அதுதான்.

அகிரே பிறகு அதே கிளப்புக்குக் கோச்சா வந்து 2011இல திருப்பிப் பைனலுக்குக் கொண்டுபோனார், நெய்மார் இருந்த பிரேசிலின்ர சந்தோஸ் கிளப்போட தோத்தது. ஆனா அந்த வருசம் சனம் காசு சேர்த்து 309 மீற்றர் நீளத்தில ஒரு கொடி தைச்சு மைதானத்தில விரிச்சது, ஒரு பக்கத்துக் கலரியையே மூடிச்சுது.

கேள்வி: அந்த ரயில் வேர்க்‌ஷொப் இருந்த இடத்திலயோ இப்பவும் விளையாடினம்? (யாழ். ஸ்ரேசனில வேலை செய்த ஒருத்தர்)

இல்லை ஐயா. 2016 மார்ச் 28இல நகரத்துக்கு வெளியால சொந்த மைதானம் ஒண்டைத் திறந்திட்டினம், அதுக்குமுதல் வருசக்கணக்கா மற்ற ஆக்களோட பொதுவா ஒரு மைதானத்திலதான் பெரிய மட்ச் எல்லாம் விளையாடினது. ஆனா பழைய பெஞ்ஞரோல் ஊரில ஸ்ரேசன் இருக்கு, வேர்க்‌ஷொப்புகளும் இருக்கு, ரயில் தொழிலாளர் குடியிருந்த வீடுகளும் இருக்கு. 1990இல கோச்சி நிண்டு 2014இல திருப்பி யாழ்ப்பாணத்துக்கு வந்த அண்டைக்கு எங்கட ஸ்ரேசனில எத்தினை வயசாளியள் அழுதது எண்டு நீங்களே பார்த்திருப்பியள். உங்களிட்ட அந்தக் காலத்தில ரயில்வே ஆக்கள் உதைபந்தாட்டம் விளையாடின படம் ஏதும் இருந்தால் எங்களுக்கு அனுப்புங்கோ, அடுத்த மாசம் போடுறம்.