மறுப்புக் கடிதத்தை எப்படிப் படிப்பது?

கேள்வி: நாவலை முடித்துவிட்டேன். எழுத்தாளர் சார்பில் பதிப்பகங்களிடம் புத்தகத்தை விற்றுத் தரும் இலக்கிய முகவர்கள் முப்பது பேரின் முகவரி கையில் இருக்கிறது. எல்லோருக்கும் ஒரே நாளில் அனுப்பிவிடலாமா? கடிதத்தில் என்ன எழுத வேண்டும்?

பதில்: வேண்டாம். முதலில் ஆறேழு பேருக்கு மட்டும் அனுப்புங்கள். கடிதத்தில் கோளாறு இருந்தால் அந்த ஆறேழு வாய்ப்போடு போகும். ஒருமுறை மறுத்த முகவர் அதே நாவலை மறுபடி பார்ப்பது அபூர்வம்.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. 300 சொற்கள் போதும். எந்த வகை நாவல், மொத்தம் எத்தனை சொற்கள், ஏன் குறிப்பாக இந்த முகவர் என்பதை இரண்டு வரியில் சொல்லுங்கள். பெரும்பகுதி கதைக்குத்தான். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். ‘மனித மனத்தின் ஆழங்களைத் தேடும் படைப்பு’ என்று எழுதினால் எதுவும் தெரியாது. ‘கலங்கரை விளக்கக் காவலாளி ஒருத்தி, அண்ணனின் கடத்தல் படகு வரும் இரவில் விளக்கை எரியவிடுவதா அணைப்பதா என்று முடிவெடுக்க வேண்டும்’ என்று எழுதிப் பாருங்கள். யார், என்ன சிக்கல், எதை இழக்க நேரும் என்ற மூன்றும் வந்துவிட்டன. முடிவைக் கடிதத்தில் சொல்லாதீர்கள். தனியாகக் கேட்கும் கதைச் சுருக்கத்தில் கட்டாயம் சொல்லுங்கள்.

சிலர் முதல் பத்துப் பக்கம் கேட்பார்கள், சிலர் மூன்று அத்தியாயம். கேட்டதை மட்டும் அனுப்புங்கள். நடுவிலிருந்து ‘நல்ல’ அத்தியாயத்தை எடுத்து அனுப்பத் தோன்றினால், முதல் அத்தியாயத்தைத் திருத்த வேண்டும் என்று அர்த்தம்.

கேள்வி: பன்னிரண்டு பேர் மறுத்துவிட்டார்கள். பாதிப் பேர் பதிலே போடவில்லை. எழுதுவதையே விட்டுவிடலாமா என்று இருக்கிறது.

பதில்: அந்த வலி நியாயமானதுதான். ஆனால் விடுவதற்கு முன் ஒன்றைப் பாருங்கள்: எந்தக் கட்டத்தில் மறுத்தார்கள்? பன்னிரண்டு பேரில் ஒருவர்கூட முழுப் பிரதியைக் கேட்கவில்லை என்றால், உங்கள் நாவலை இன்னும் யாருமே படிக்கவில்லை. கடிதத்தையும் முதல் பக்கங்களையும் மாற்றி எழுதி, அடுத்த ஆறு பேருக்கு அனுப்புங்கள். முழுப் பிரதியைக் கேட்டுப் படித்த பிறகு மறுக்கிறார்கள் என்றால் கடிதம் சரி. தொய்வு பெரும்பாலும் கதையின் நடுவில் இருக்கும்.

‘எங்கள் பட்டியலுக்குப் பொருந்தவில்லை’ என்பது எல்லோருக்கும் போகும் அச்சு வாசகம். அதில் உட்பொருள் தேடி ராத்தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு பாத்திரத்தின் பெயரைச் சொல்லி ஒரு வரி எழுதியிருந்தால் அது தங்கம். இரண்டு பேர் ஒரே குறையைச் சொன்னால் திருத்துங்கள். ‘திருத்தி அனுப்பினால் மறுபடி பார்க்கிறேன்’ என்று எழுதியவருக்கு நான்கே நாளில் திருப்பி அனுப்பாதீர்கள். மேலோட்டமாகத் திருத்தியது தெரிந்துவிடும்.

பதில் வராவிட்டால், அவர் குறிப்பிட்ட கெடு முடிந்ததும் ஒரே ஒரு நினைவூட்டல் அனுப்பலாம். பலர் மௌனமே மறுப்பு என்று முன்பே அறிவித்திருப்பார்கள். அவர்களுக்கு அதுவும் வேண்டாம். மறுப்புக்கு வாதாடி எழுதவே கூடாது.

கேள்வி: ஒரு முகவர் படிப்பதற்குக் கட்டணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். முகவரின் வருமானம் புத்தகம் விற்ற பிறகு உங்கள் தொகையில் எடுக்கும் கமிஷன்: வழக்கமாக 15 சதவீதம், வெளிநாட்டு, மொழிபெயர்ப்பு உரிமைகளுக்கு 20. முன்பணம் கேட்பவருக்குப் புத்தகத்தை விற்றே ஆக வேண்டிய அவசியம் இல்லை.