மாலை போட்ட இரண்டாம் நாளில் வலிப்பு வந்தது ஏன்?

கேள்வி: கணவருக்கு 38 வயது. படகில் தொழிலுக்குப் போகிறவர். பல வருடங்களாகத் தினமும் குடித்தவர், சபரிமலைக்கு மாலை போட்டுக் குடியை நிறுத்தினார். இரண்டாம் நாள் காலை கை கால் வெட்டி இழுத்து நுரை தள்ளிவிட்டது. சாவிக்கொத்தைக் கையில் வைத்ததும் நின்றது. தெய்வக் குத்தம் என்கிறார்கள். இது காக்காய் வலிப்பா?
– ஒரு வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: தெய்வக் குத்தம் இல்லை அம்மா. கார்த்திகை பிறந்தால் இப்படி வருகிறவர்களை நாங்கள் பார்க்கிறோம்.

தினமும் உள்ளே போகும் மது மூளையை மந்தப்படுத்தும். அதை ஈடுகட்ட மூளை கூடுதல் வேகத்தில் ஓடப் பழகிக்கொள்ளும். மதுவைத் திடீரென்று நிறுத்தினால் அந்த வேகம் மட்டும் குறையாமல் அப்படியே இருக்கும், வலிப்பு வரும். பெரும்பாலும் கடைசியாகக் குடித்த 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். அதற்கு முன்பே தூக்கம் போயிருக்கும், காபி டம்ளரைப் பிடித்தால் தளும்பியிருக்கும். இதனால் மட்டும் வந்த வலிப்பைக் காக்காய் வலிப்பு என்று சொல்ல மாட்டோம். வருடக்கணக்கில் மாத்திரையும் தேவைப்படாது. ஆனால் மறுபடி குடித்து மறுபடி சட்டென்று நிறுத்தினால் திரும்ப வரலாம்.

சரி, குடிதான் காரணம் என்று சோதிக்காமலேயே முடிவு கட்டிவிடலாமா? கூடாது. குடிப்பவர் எங்காவது விழுந்து, மண்டைக்குள் ரத்தம் கசிந்திருக்கலாம். சர்க்கரையோ உப்புச்சத்தான சோடியமோ குறைந்திருக்கலாம். நாடாப்புழுவின் முட்டை அசுத்தமான தண்ணீர், சரியாகக் கழுவாத காய்கறி வழியாக வயிற்றுக்குள் போய், மூளையில் கட்டியாகத் தங்குவதும் நம் நாட்டில் சாதாரணம். பன்றிக்கறியைத் தொடாதவருக்கும் இது வரும். மருந்தால் குணப்படுத்தலாம். அதனால் ரத்தப் பரிசோதனையும் தலை ஸ்கேனும் அவசியம்.

சாவிக்கொத்தைக் கையில் வைத்ததும் நின்றதாக எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலான வலிப்பு ஓரிரு நிமிடத்தில் தானே நின்றுவிடும், பெயர் சாவிக்குப் போய்விடுகிறது. இன்னொரு முறை வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள், தண்ணீரும் கொடுக்காதீர்கள். 5 நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் அடுத்தது வந்தாலோ உடனே 108.

இன்றே கடலூர் அரசு மருத்துவமனைக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ அழைத்துப் போங்கள். எப்போது கடைசியாகக் குடித்தார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். நடுக்கத்தை அடக்க மாத்திரை கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள், வைட்டமின் பி1 ஊசியும் போடுவார்கள். இல்லாத ஆள் தெரிகிறது என்று பிதற்றினால் இரவென்றும் பார்க்காமல் கிளம்புங்கள், அது உயிருக்கே ஆபத்து. டாக்டர் சொல்லும்வரை பைக்கும் கடலும் வேண்டாம். மாலையைக் கழற்ற வேண்டியதில்லை. விரதத்தோடு மாத்திரையும் சாப்பிடட்டும்.