பந்தைத் தவிர வேறு பேச்சே இல்லையா?

கேள்வி: என் கணவர் விசைப்படகில் ஆழ்கடலுக்குச் செல்பவர், கரை திரும்ப முப்பது நாற்பது நாட்கள் ஆகும். அவர் வந்த இரவே, பத்தாம் வகுப்புப் படிக்கும் மகன் அவரோடு உட்கார்ந்து, குழம்புச் சட்டியையும் தண்ணீர்ச் செம்பையும் ஆட்டக்காரர்களாக நகர்த்தி, நள்ளிரவு வரை கால்பந்து பேசுகிறான். என் வற்புறுத்தலால் கணவர் இடையில் மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்டால், எழுந்து போய்விடுகிறான். பந்தைத் தவிர வேறு பேச்சில்லாத இது ஓர் உறவாகுமா?
- வாசகி, தூத்தூர்

பதில்: ஆகும் அம்மா, ஐயமே வேண்டாம். நாற்பது நாள் பிரிந்திருந்த தந்தையிடம் "நீங்கள் இல்லாமல் வீடு வெறிச்சென்று இருந்தது" என்று பதினைந்து வயதுப் பையன் வாய்விட்டுச் சொல்லமாட்டான். கைபேசி எட்டாத தொலைவில் அவர் வலை இழுத்துக்கொண்டிருந்த நாட்களில் நடந்த ஆட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி, அவர் தவறவிட்ட நாட்களைத் தன்னால் இயன்ற வழியில் திருப்பிக் கொடுக்கிறான். சட்டியும் செம்பும் நகர்வது அதற்காகத்தான்.

தவறு நடப்பது மதிப்பெண் நுழையும் இடத்தில். கால்பந்துப் பேச்சைத் தூண்டில் இரையாக்கி, பையன் நெருங்கி வந்ததும் படிப்பு என்னும் முள்ளில் மாட்டினால், அடுத்த முறை அவன் நெருங்கவே தயங்குவான். இதை மீன்பிடிக் குடும்பத்துக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூட விவரங்களைக் காலையில் தனியாகக் கேட்கலாம், கண்டிக்கவும் செய்யலாம். இரவுப் பேச்சில் அவை வேண்டாம்.

உங்கள் கணவரும் இளமையில் ஊர் மைதானத்தில் ஆடியவராக இருந்தால், தாம் வென்ற கதையைவிடத் தம் பிழையால் தோற்ற ஆட்டத்தை மகனிடம் சொல்லட்டும். தந்தையின் வெற்றிகளை மரியாதைக்காகக் கேட்கும் பிள்ளைகள், தோல்வியை ஆவலோடு கேட்பார்கள். பக்கத்து இரவிபுத்தன்துறையில் பிறந்த மைக்கேல் சூசைராஜ், ஜாம்ஷெட்பூர், ஏ.டி.கே. அணிகளுக்காக இந்தியன் சூப்பர் லீகில் ஆடியவர் என்பதால், உங்கள் கரையில் இந்தப் பேச்சு ஊர்ப் பேச்சும்கூட. அதற்காகப் பையனையும் தொழில்முறை ஆட்டக்காரனாக்கும் கனவை இப்போதே அவன் தலையில் ஏற்றிவிடாதீர்கள்.

உங்கள் கடிதத்தில் நான் கவனித்த இன்னொன்று, அந்தப் பேச்சுக்கு வெளியே நீங்கள் தனியாக நிற்கிறீர்கள் என்பது. உள்ளே வர ஆஃப்சைடு விதி ஒன்று போதும். எதிரணியின் பாதியில் நிற்கும் ஆட்டக்காரர் ஒருவர், தம் அணியினர் பந்தை உதைக்கும் கணத்தில், பந்தையும் எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆட்டக்காரரையும் தாண்டிக் கோல் கோட்டுக்கு அருகில் இருந்தால், அது ஆஃப்சைடு நிலை. கடைசி ஆள் பெரும்பாலும் கோல்கீப்பராக இருப்பார். சட்டியைக் கோல்கீப்பராகவும் செம்பைத் தடுப்பாட்டக்காரராகவும் வைத்துப் பாருங்கள், பிடிபட்டுவிடும்.

பிறகு, 2022 உலகக் கோப்பையில் சவூதி அரேபியா அர்ஜென்டினாவை 2-1 என்று வென்ற கதையை மகனிடம் கேளுங்கள். அன்று சவூதித் தடுப்பாட்டக்காரர்கள் தம் கோலை விட்டு வெகுதூரம் முன்னேறி ஒரே வரிசையாக நின்றார்கள். அந்த வரிசையை அவசரப்பட்டுத் தாண்டியதால், முதல் பாதியில் மட்டும் அர்ஜென்டினா போட்ட மூன்று கோல்கள் ஆஃப்சைடு என்று செல்லாமல் போயின. செம்புகளை அடுக்கி இதை உங்களுக்கு விளக்கும் பெருமையை அவனுக்கே கொடுங்கள்.

அவன் விளக்கி முடித்ததும், எல்லைக்கோட்டிலிருந்து கையால் எறியும் பந்தை நேரடியாக வாங்குபவருக்கு ஆஃப்சைடு கிடையாது என்பதை நீங்கள் மெல்லச் சொல்லுங்கள். உங்கள் கணவரே அதை மறந்திருக்கக் கூடும்.