அடுப்பைப் பாட்டி பற்றவைக்கட்டும்

அடுக்களை: கேள்வி பதில்

கேள்வி: என் மகனின் அலுவலக நண்பர் குடும்பம் தாணேயில் இருக்கிறது. கொங்கண் கரையில் வழிவழியாக வாழும் பெனே இஸ்ரேல் யூதர்கள். எங்கள் வீட்டுக்குப் பலமுறை வந்தும் பழம், கறுப்புத் தேநீர் தவிர எதையும் தொட்டதில்லை. என் கணவருக்கு அதில் கொஞ்சம் மனத்தாங்கல். இப்போது அந்த வீட்டுப் பாட்டிக்கு இடுப்பில் அறுவைச் சிகிச்சை நடந்திருக்கிறது. வருகிற செப்டம்பர் 11 மாலை அவர்களுடைய புத்தாண்டு தொடங்குகிறதாம். ஆறு பேருக்கு நாங்கள் சமைத்து எடுத்துப் போக ஆசை. நாங்கள் சைவம். என்ன சமைக்கலாம்?
— வாசகி, செம்பூர்

பதில்: முதலில் உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை. மாட்டுங்காவில் ‘பத்து’ என்ற சமையல் ஆசாரம் பார்க்கும் வீடுகளை அவர் அறிந்திருப்பார். சோற்றுப் பானையைத் தொட்ட கையை அலம்பாமல் தயிர்ச் சட்டியைத் தொடமாட்டார்கள். அதனால் எதிரில் நிற்பவரை மட்டமாக நினைக்கிறார்கள் என்று நாம் எடுத்துக்கொள்வதில்லை. கோஷர் என்ற யூத உணவு நியமத்தையும் அப்படிப் பாருங்கள். இறைச்சியும் பாலும் ஒரே வேளையில் சேரக் கூடாது. இரண்டுக்கும் பாத்திரம் தனித்தனி. சூடான பாத்திரம் தன்னில் வெந்ததன் ருசியை உள்ளே வாங்கிக்கொள்ளும், பிறகு வேகிறதற்குக் கொடுக்கும் என்பது அவர்கள் கணக்கு. உங்கள் வாணலியில் என்றோ ஒரு நாள் கடைச் சீஸ் உருகியிருக்கும். அதை உறைய வைத்தது எது என்று உங்களுக்கே தெரியாது. அவர்கள் விலக்கியது அந்த வாணலியை. உங்கள் அன்பை அன்று.

இதை நான் ஒரு தவற்றில் கற்றேன். 1980-களில் பைகுல்லாவில் குடியிருந்தோம். அடுத்த வீட்டு மாவ்ஷி பெனே இஸ்ரேல். அலிபாக் பக்கத்து ஊர். (மராத்தியில் சித்தி, பெரியம்மா இருவருமே மாவ்ஷிதான்.) ஒரு வெள்ளிக்கிழமை இரவு, பாலில் காய்ச்சிய சேமியாப் பாயசத்தைத் தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டு போனேன். அவர்கள் அப்போதுதான் கறிச்சோறு சாப்பிட்டு எழுந்திருந்தார்கள். மாவ்ஷி இரண்டு கையாலும் வாளியை வாங்கினார், என் தலையைத் தொட்டு வாழ்த்தினார், வாளியைச் சன்னலோரமாக வைத்தார். ஒருவரும் அதைத் திறக்கவில்லை. மறுநாள் எங்கள் படியில் விளையாடிய பிள்ளைகளுக்கு என்னையே ஊற்றிக் கொடுக்கச் சொன்னார். ஒரு மாதம் கழித்து அவரே பக்கத்தில் உட்கார வைத்துக் காரணத்தைச் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. கேட்டிருந்தால் தேங்காய்ப் பாலில் காய்ச்சியிருப்பேன்.

ஆகவே சகோதரி, சமைத்து எடுத்துப் போகாதீர்கள். அவர்கள் அடுக்களைக்குப் போய்ச் சமையுங்கள். பாத்திரம், கரண்டி, கத்தி எல்லாம் அவர்களுடையதாக இருக்கட்டும். வெங்காயம், பூண்டு, இஞ்சி, பச்சை மிளகாயை வீட்டில் நறுக்கி டப்பாவில் அடைத்துப் போக வேண்டாம். காரமான பொருள் கத்தியின் ருசியை உடனே இழுத்துக்கொள்ளும் என்பதால் அதில் அவர்கள் இரட்டிப்புக் கவனமாக இருப்பார்கள். வேற்று மதத்தவர் தனியாகச் சமைத்த பல பதார்த்தங்களை அவர்கள் சட்டம் அனுமதிப்பதில்லை. சில வீடுகளில் யூதர் ஒருவர் அடுப்பைப் பற்றவைத்தால் போதும். சில வீடுகளில் பாத்திரத்தையே அவர்கள் கையால் ஏற்ற வேண்டும். எது அவர்கள் வழக்கம் என்று கேளுங்கள். அடுப்பருகே நாற்காலி போட்டுப் பாட்டியை உட்கார வையுங்கள், அவர் பற்றவைக்கட்டும். படுக்கையோடு கிடந்தவருக்குத் தன் வீட்டுப் பண்டிகைச் சமையல் தன் கையில் தொடங்கியது என்ற நிறைவு கிடைக்கும். நீங்கள் கொண்டுபோகும் எந்தப் பாயசமும் அதற்கு ஈடாகாது.

நேரம் முக்கியம். இந்த ஆண்டு ரோஷ் ஹஷானா, அவர்கள் கணக்கில் 5787-ஆம் ஆண்டின் பிறப்பு, வெள்ளி மாலை தொடங்கி ஞாயிறு அந்தி வரை. முதல் நாள், சப்பாத் என்ற வார ஓய்வு நாளோடு சேர்ந்து வருவதால் வெள்ளி அந்தி முதல் சனி அந்தி வரை அடுப்பு மூட்டுவதும் சமைப்பதும் கிடையாது. சூரியன் மறைவதற்கு 18 நிமிடம் முன்பே விளக்கேற்றுவது பரவலான வழக்கம். அந்த வாரம் மும்பையில் ஆறே முக்காலை ஒட்டிச் சூரியன் மறையும். ஐந்து மணிக்கு நீங்கள் அடுக்களையைத் துடைத்துவிட்டு வெளியே வந்திருக்க வேண்டும். தாணேக்கு வெள்ளிக்கிழமை ரயில் நெரிசலை எண்ணிக் காலையிலேயே புறப்படுங்கள்.

இனி என்ன சமைப்பது. கோழியோ ஆடோ அவர்களே ஏற்பாடு செய்திருப்பார்கள். எனவே உங்கள் கைப்பட்டதில் பால், தயிர், வெண்ணெய், நெய் ஒரு துளியும் கூடாது. இறைச்சியும் பாலும் கலவாத உணவைப் பார்வே என்பார்கள். அது எதனோடும் சேரும். நான் திருநெல்வேலிக்காரி. கலியாணத்து மறுநாள் மாப்பிள்ளைக்குத் தேங்காய்ப் பாலில் சொதி வைக்கும் ஊர். இந்த விருந்துக்குச் சொதியையும் ஓலனையும் விடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. பெனே இஸ்ரேல் சமையலிலும் தேங்காய்ப் பால்தான் உயிர். கறியோடு தயிர் சேர்க்க முடியாத கொங்கண் கரைக் குடும்பங்களுக்குத் தென்னை கைகொடுத்தது.

ஓலனைச் சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. ரோஷ் ஹஷானா இரவில் ஆப்பிளைத் தேனில் தொட்டுச் சாப்பிடுவதோடு, சில காய்கனிகளைப் பெயருக்காகவே உண்பார்கள். ஒவ்வொன்றின் பெயரும் ஒரு வேண்டுதலின் ஒலியோடு ஒத்துப்போகும். தட்டைப்பயறு ‘ரூபியா’: எங்கள் நற்செயல்கள் பெருகட்டும். சுரைக்காய், பூசணி வகை ‘கரா’: எங்களுக்கு எதிரான தீர்ப்பு கிழிந்து போகட்டும். பேரீச்சை ‘தமார்’: பகை ஒழியட்டும். ரூபியா என்பது வெந்தயம் என்று சொல்லும் பழைய உரையாசிரியரும் உண்டு. பூசணியும் தட்டைப்பயறும் ஒரே சட்டியில் சேரும் பதார்த்தம் நம்மிடம் இருக்கிறதே!

ஆறு பேருக்கு அரைக் கிண்ணம் தட்டைப்பயறு போதும். மும்பைக் கடையில் சவ்ளி என்று கேளுங்கள். முதல் நாள் இரவே ஊறுவது நல்லது. அதையும் அந்த வீட்டில், அவர்கள் பாத்திரத்தில் ஊறப்போடச் சொல்லிவிடுங்கள். ஊறியதும் ஓட்டை விழுந்த பயற்றைப் பொறுக்கி எறியுங்கள். புழு பூச்சி உள்ளே போவது கோஷரில் பெரிய குற்றம். கறிவேப்பிலையை உப்புத் தண்ணீரில் போட்டு, அலசி, ஒவ்வோர் இலையாக வெளிச்சத்தில் இருபுறமும் திருப்பிப் பாருங்கள். பயற்றை மலர வேகவையுங்கள். வெள்ளைப் பூசணி கால் கிலோ, மஞ்சள் பூசணி கால் கிலோ, கீறிய பச்சை மிளகாய் நான்கு. காயை இரண்டாம் பாலில் வேகவைத்து, கண்ணாடி போலத் தெளிந்ததும் பயற்றைச் சேர்த்து உப்பிடுங்கள். தீயைக் குறைத்து முக்கால் கிண்ணம் முதல் பாலை ஊற்றி, ஓரத்தில் நுரை கூடும்போதே இறக்கிவிடுங்கள், கொதித்தால் திரியும். மேலே கறிவேப்பிலையும் இரண்டு கரண்டி பச்சைத் தேங்காய் எண்ணெயும். மூடி பத்து நிமிடம் கழித்துத் திறந்தால் அந்த மணமே பாதி விருந்து.

தேங்காயைத் துருவிப் பிழியுங்கள். கடையில் விற்கும் தேங்காய்ப் பால் பொடி பலவற்றில் பால் புரதம் கலந்திருக்கும்.

சொதி உங்களுக்கே தெரியும். இறுதியில் பிழியும் எலுமிச்சையை மட்டும் விட்டுவிடுங்கள். ஆண்டு முழுவதும் இனிக்க வேண்டும் என்று அன்றைக்குப் புளிப்பையும் கசப்பையும் தவிர்க்கும் வீடுகள் உண்டு. ஆகவே இஞ்சிப் பச்சடி, புளிக்குழம்பு, ரசம், பாகற்காய் எதுவும் வேண்டாம். சனி மதியத்துக்குத் தேங்காய்ச் சாதம், உருளைக்கிழங்குப் பொரியல். குளிர்ந்தாலும் ருசி கெடாது.

இனிப்பை அவர்களுக்கே விட்டுவிடுங்கள். மாவ்ஷி இந்தப் பண்டிகைக்குக் கிண்டும் அல்வாவை முதன்முதலில் பார்த்தபோது நான் என் ஊரிலேயே நின்றேன். கோதுமையை ஊறவைத்து, அரைத்து, பால் பிழிந்து, தெளியவைத்து மேல் தண்ணீரை இறுத்துவிடுவார். அடியில் வெள்ளையாகப் படிந்ததைச் சர்க்கரையோடு கிண்டுவார். அதுவரை அப்படியே எங்கள் ஊர் அல்வா. பிறகு நாங்கள் நெய் விடும் இடத்தில் அவர் தேங்காய்ப் பால் விடுவார். கை ஓயாமல் இரண்டு மணி நேரத்துக்கு மேல். தாம்பாளத்தில் கொட்டி, உரித்த பாதாமை மேலே பதித்து, ஆறியதும் சாய்சதுரமாக வெட்டுவார். பாட்டியிடம் கேட்டுக்கொண்டு நீங்கள் துடுப்பைப் பிடியுங்கள். ஒயின் வாங்கிப் போகாதீர்கள். திராட்சை ரசத்துக்கு நியமம் கடுமை. பெனே இஸ்ரேல் வீடுகளில் உலர்ந்த கறுப்புத் திராட்சையில் சர்பத் எடுத்து அதன்மேல்தான் ஆசி சொல்வார்கள்.

திங்கள் 14-ஆம் தேதி நமக்குப் பிள்ளையார் சதுர்த்தி. படைத்த கொழுக்கட்டையை அவர்களுக்கு அனுப்ப வேண்டாம். வேறு தெய்வத்துக்கு நிவேதித்ததை அவர்கள் உண்ணக் கூடாது. வாங்கவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் சங்கடப்படுவார்கள்.

கேள்வி: பச்சைப் புள்ளி போட்ட பாக்கெட் எல்லாம் கோஷர்தானே?
— வாசகர், டோம்பிவ்லி

பதில்: இல்லை. பச்சைப் புள்ளி சைவம் என்று மட்டும் சொல்கிறது. பால் கலந்ததா, திராட்சை ரசம் சேர்ந்ததா, எந்த இயந்திரத்தில் வெந்தது என்பதெல்லாம் அதில் வராது. வட்டத்துக்குள் ‘யூ’ எழுத்துப் போன்ற கோஷர் முத்திரையைத் தேடுங்கள்.

கேள்வி: நாங்கள் மீன் சாப்பிடுகிறவர்கள். யூத நண்பர்களுக்கு எந்த மீன் ஆகும்?
— வாசகி, சயான் கோலிவாடா

பதில்: துடுப்பும் செதிலும் இரண்டும் இருக்க வேண்டும். ரோகு ஆகும். இறால், நண்டு, கணவாய், சுறா, கெளுத்தி ஆகாது. வெட்டித் தோல் உரித்த துண்டாக வாங்காமல், செதில் கண்ணில் படும்படி முழு மீனாக வாங்கி அவர்கள் வீட்டிலேயே கழுவுங்கள். பெனே இஸ்ரேல் மக்கள் வழிவழியாகச் சொல்லும் கதை ஒன்று உண்டு. எண்ணெய் ஆட்டிப் பிழைத்து, சனிக்கிழமை செக்கை நிறுத்தியதால் ‘சனிவார் தேலி’ என்று கொங்கணில் பெயர் பெற்றிருந்தவர்கள் அவர்கள். தாவீது ரஹாபி என்பவர் அங்கே வந்து, பெண்களிடம் பல வகை மீனைக் கலந்து கொடுத்துச் சமைக்கச் சொன்னாராம். செதிலும் துடுப்பும் இல்லாததை அவர்கள் தாமாகவே ஒதுக்கி வைத்ததைக் கண்டு, இவர்கள் நம்மவர்கள் என்று தெரிந்துகொண்டாராம். வேதத்தின் பெரும்பகுதி மறந்துபோன பின்னும் மீன் கழுவுகிற கை மறக்கவில்லை என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கிறது.

கேள்வி: பஸ்கா பண்டிகையில் புளித்தது கூடாது என்கிறார்கள். மாடி வீட்டு யூதக் குடும்பத்துக்கு அப்போது இட்லி கொடுக்கலாமா?
— வாசகி, மாட்டுங்கா

பதில்: அவர்கள் விலக்குவது கோதுமை, பார்லி, ரை, ஓட்ஸ், ஸ்பெல்ட் என்ற ஐந்து தானியங்களில் உண்டாகும் புளிப்பை. மாவில் தண்ணீர் பட்டு 18 நிமிடத்துக்குள் வெந்துவிட வேண்டும். அப்படிச் செய்ததுதான் மாட்சா ரொட்டி. அரிசியும் உளுந்தும் அந்த ஐந்தில் இல்லை, அதனால் பொங்கிய மாவும் குற்றமில்லை. பெனே இஸ்ரேல் குடும்பங்கள் பஸ்காவில் சோறு உண்பார்கள். ஐரோப்பிய வழி யூதர்களான அஷ்கெனாசியர் பலர் அரிசி, பருப்பு இரண்டையுமே அந்த எட்டு நாளும் தொடமாட்டார்கள். எனவே அவர்கள் எந்த வழி என்று முதலில் கேளுங்கள். சாம்பாரில் கட்டிப் பெருங்காயம், தூள் பெருங்காயம் எதுவும் வேண்டாம். கடைச் சரக்கில் பெரும்பாலும் கோதுமை மாவு சேர்ந்திருக்கும்.

அடுத்த பஸ்கா 2027 ஏப்ரல் 21 மாலை தொடங்குகிறது. கோதுமை மணி ஒன்றுகூடக் கலந்துவிடாமல் பல வீடுகளில் அரிசியை மூன்று முறை பொறுக்குவார்கள். பஸ்காவுக்கு முன்பே நீங்களும் மாடிக்குப் போய் முறத்தோடு உட்காருங்கள். மாவை மட்டும் அவர்கள் கிரைண்டரிலேயே அரைத்துவிடுங்கள்.