முதலில் சம்பளம், அப்புறம் கடிதம்

கேள்வி: கார் சர்வீஸ் நிறுவனமான கோமெக்கானிக்கின் இணை நிறுவனர், கணக்கில் தவறு நடந்ததை 2023 ஜனவரியில் லிங்க்ட்இன்னில் ஒப்புக்கொண்டு முழுப் பொறுப்பும் ஏற்றார். ஆன்லைன் கல்வி நிறுவனமான பைஜூஸின் நிறுவனர் பைஜு ரவீந்திரனுக்கு அந்தத் தைரியம் ஏன் இல்லை?
— ஒரு வாசகி, சேலம்

பதில்: தைரியம் என்கிறீர்களே அம்மா, அதில்தான் எனக்குச் சண்டை. அந்தக் கடிதம் எப்போது வந்தது? புதிதாகப் பணம் போட வந்தவர்கள் கணக்கைத் தோண்டிப் பார்த்த பிறகு. அதே கடிதத்தில் சுமார் 70 சதவீத ஊழியர்களுக்கு வேலை போகிறது என்ற சேதியும் இருந்தது. மிச்சமிருந்தவர்களை மூன்று மாதம் சம்பளமில்லாமல் வேலை பார்க்கச் சொன்னதாகப் பத்திரிகைகள் எழுதின. வாடகையும் இ.எம்.ஐ.யும் கட்ட வேண்டிய அவர்களுக்குத்தான் தைரியம் தேவைப்பட்டது.

ரவீந்திரனைப் பற்றி நியாயமாகவே பேசுவோம். சம்பளம் கொடுக்க வீடுகளை அடமானம் வைத்தார் என்று 2023 டிசம்பரில் செய்தி வந்தது. ஒரே நேரத்தில் பல சந்தைகளில் இறங்கியது அதிகப்படி என்று மறு வருஷம் அவரே சொன்னார். என் கோபம் வேறு. பைஜூஸின் 2020-21-ம் ஆண்டுக் கணக்கு வெளியே வர 2022 செப்டம்பர் ஆயிற்று. நஷ்டம் 4,588 கோடி ரூபாய். அது வரும்வரை இந்தியக் கிரிக்கெட் ஜெர்சியில் பைஜூஸ் பெயர் பளிச்சென்று இருந்தது. கத்தார் கால்பந்து உலகக் கோப்பைக்கும் ஸ்பான்சர் ஆனார்கள். 2023 ஜூனில் ஆடிட்டரான டெலாய்ட்டே விலகிக்கொண்டது. கணக்கை நேரத்துக்குக் காட்டு என்று இந்தப் பக்கத்தில் நான் ஓயாமல் கத்துவது இதற்காகத்தான். நிறுவனரின் பொறுப்பு ஒவ்வொரு மார்ச் 31-ம் தேதியும் இருக்கிறது. கம்பெனி கவிழ்ந்த பிறகு வருகிற கடிதத்தை அதற்கு ஈடாக நான் ஏற்க மாட்டேன்.

மெட்ராஸில் 1906 அக்டோபரில் அர்பத்நாட் வங்கி விழுந்தது. அதன் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல். வெள்ளைக்கார ஆட்சியில் ஒரு வெள்ளைக்கார 'சர்' சிறைக்குப் போனது சாதாரண விஷயமில்லை. ஆனால், சேமிப்பைப் பறிகொடுத்த குடும்பங்களுக்கு அதனால் அரிசி வாங்க முடிந்ததா? எனக்கு மதிப்பு மெட்ராஸ் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் மீதுதான். நம் ஊர்ப் பணத்துக்கு நம்பகமான இடம் வேண்டுமென்று மற்றவர்களையும் சேர்த்துக்கொண்டு, மறு வருஷமே இந்தியன் வங்கியைத் தொடங்கினார். விழுந்த வங்கி அவருடையதல்ல. பொறுப்பை எடுத்துக்கொண்டவர் அவர்.

சரி, இன்றைக்கு வருவோம். கம்பெனியைக் கலைத்தால் யாருக்கு முதலில் பணம் என்பதைத் திவால் சட்டத்தின் 53-ம் பிரிவு சொல்கிறது. தொழிலாளர்களின் 24 மாதச் சம்பளப் பாக்கி, அடமானக் கடன்காரர்களோடு சம வரிசையில் நிற்கும். தொழிலாளர் என்ற வரையறைக்குள் வராத ஊழியர்களுக்கு அடுத்த வரிசை, அதுவும் 12 மாதப் பாக்கிக்கு மட்டும். எல்லா ஊழியர்களையும் முதல் வரிசைக்குக் கொண்டுவர வேண்டும். அது நடக்கும்வரை எத்தனை நிறுவனர்கள் மன்னிப்புக் கேட்டாலும் எனக்கு மனசு ஆறாது.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் யாராவது ஸ்டார்ட்அப்பில் இருந்தால் சம்பளச் சீட்டை வாங்கிப் பாருங்கள். பி.எஃப். என்று 1,800 ரூபாயோ கூடவோ பிடித்திருப்பார்கள். அடுத்த மாதம் 15-ம் தேதிக்குள் அதைக் கம்பெனி கட்டியாக வேண்டும். பிடித்துவிட்டுக் கட்டாமல் விடுவது குற்றம். பாஸ்புக்கில் சேர்ந்தாற்போல் இரண்டு மூன்று மாதம் வரவு இல்லையென்றால் உடனே பி.எஃப். அலுவலகத்தில் புகார் கொடுக்கச் சொல்லுங்கள். வேறு வேலையும் தேடச் சொல்லுங்கள்.