உங்கள் மகள் கொண்டுவந்த கம்பிச் சுருள்

போன செவ்வாய்க்கிழமை மகளை எந்தப் படிப்பில் சேர்க்கலாம் என்று கேட்க, மும்பை செம்பூரில் என் அறைக்கு மூவரும் வந்தீர்கள். பேசியதெல்லாம் நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும்தான். பெங்களூரில் இருக்கும் நாத்தனார் தினமும் போன் செய்து, "கம்ப்யூட்டர் சயின்ஸை விட்டால் பொண்ணு வாழ்க்கையே போச்சு" என்கிறாராம். ஒரு தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் சீட்டுக்கு நான்கு வருடத்துக்கு 16 லட்சம் கேட்கிறார்கள், நகையை அடகு வைக்கலாம் என்றீர்கள். அன்று உங்கள் கண் கலங்கியிருந்ததால் "பார்க்கலாம்மா" என்றேன். இப்போது தெளிவாகவே சொல்கிறேன்: அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள்.

கிளம்பும்போது உங்கள் மகள் பையிலிருந்து ஒரு கம்பிச் சுருளை எடுத்தாள். தானேயில் இருக்கும் அப்பாவின் பட்டறையில் கழற்றிப் போட்ட ஃபர்னஸ் காயில், அதாவது உலையைச் சூடாக்கும் கம்பி. "அங்கிள், ஆணி மழையில் ஒரே வாரத்தில் துருப்பிடிக்குது. இதுவும் இரும்புதானே, ஆயிரம் டிகிரியில் எப்படித் தாங்குது?" என்று கேட்டாள். இத்தனை வருடத்தில் என்னிடம் எந்தப் பிள்ளையும் இப்படிக் கேட்டதில்லை.

அந்த வகைக் கம்பியில் இரும்போடு 20 சதவீதத்துக்கு மேல் குரோமியமும் 5 சதவீதம் போல அலுமினியமும் இருக்கும். சூட்டில் அலுமினியம் ஆக்ஸிஜனோடு சேர்ந்து மேலே அலுமினா என்ற மெல்லிய தோலாகப் படியும். மிக மெதுவாக வளரும், இடுக்கு விடாத தோல். கீறல் விழுந்தால் உள்ளிருக்கும் அலுமினியமே மறுபடி தோல் போட்டுவிடும்.

இதே தோலைத்தான் அணு உலை ஆராய்ச்சியாளர்களும் தேடுகிறார்கள். தண்ணீருக்குப் பதில் உருகிய ஈயத்தால் குளிர்விக்கும் உலைகள் வரப்போகின்றன. ரஷ்யாவின் செவர்ஸ்கில் 2021 முதல் அப்படி ஒன்றைக் கட்டிவருகிறார்கள். ஈயம் 327 டிகிரியில் உருகும், கொதிக்க 1,700க்கு மேல் வேண்டும். அதனால் உயர் அழுத்தம் தேவையில்லை. கல்பாக்கத்து உலைகளில் பயன்படும் சோடியம் காற்றுப் பட்டால் தீப்பிடிக்கும், ஈயம் பிடிக்காது. சிக்கல் வேறு இடத்தில்: சூடான ஈயம் எஃகையே கரைத்துவிடும். முதலில் நிக்கலைத்தான் இழுக்கும். 500 டிகிரிக்கு மேல் போனால் சாதாரண ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் நிக்கல் போன இடத்தில் ஈயம் புகுந்துகொள்ளும். அலுமினாத் தோல் இருந்தால் ஈயம் உள்ளே போக முடியாது.

சரி, அலுமினியத்தைக் கூட்டிவிட்டால் போதுமே என்றால், எஃகை வளைப்பதும் வெல்டிங் செய்வதும் கஷ்டம். குரோமியம் கூடினால் 475 டிகிரி வாக்கில் நொறுங்கும் தன்மை வரும், குறைந்தால் தோலே சரியாகப் படியாது. உயர் சூட்டில் வலுவுக்கு நிக்கல் வேண்டும், அதுவே ஈயத்துக்கு இரை. ஈயத்தில் ஆக்ஸிஜன் குறைந்தால் தோல் உருவாகாது, அதிகமானால் ஈய ஆக்ஸைடு கசடாகிக் குழாயை அடைக்கும். இவ்வளவையும் ஒரே எஃகில் சமன்செய்ய வேண்டும். உங்கள் மகள் கேட்டது இந்தக் கேள்வியின் முதல் வரிதான் அம்மா!

இதற்கான படிப்பு மெட்டலர்ஜி, அதாவது உலோகவியல். பவாய் ஐஐடி, திருச்சி என்ஐடி, நாக்பூர் விஎன்ஐடி, புனே சிஓஇபி எல்லாவற்றிலும் இருக்கிறது. கம்ப்யூட்டர் சயின்ஸ் எட்டாத ரேங்க்குக்கும் பல இடங்களில் கிடைக்கும், செலவும் அந்த 16 லட்சத்துக்குப் பக்கத்தில் வராது. அப்புறம் பொறியியல் பட்டதாரிகள் எழுதும் கேட் (GATE) தேர்வில் மெட்டலர்ஜி தாள். அதன் பிறகு உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பயிற்சிப் பள்ளி, 1957 முதல் நடக்கிறது. ஒரு வருடம் உதவித்தொகையோடு பயிற்சி, முடித்தால் விஞ்ஞானி வேலை. இறுதித் தேர்வு நேர்காணலை வைத்துத்தான். அங்கே இடம் குறைவு, மறைக்க மாட்டேன். முதல் சம்பளமும் சாஃப்ட்வேர்க்காரர்களைவிடக் குறைவாக இருக்கலாம். ஆனால் உலோகம் அரிக்கப்படுவதைத் தடுக்கத் தெரிந்தவர்கள் மாஹுல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கும் வேண்டும், உருகிய துத்தநாகத் தொட்டியில் இரும்பை முக்கிப் பூச்சுப் போடும் கால்வனைசிங் பட்டறைகளுக்கும் வேண்டும்.

அவளுக்குக் கோடிங் பிடித்திருந்தால் நானே அதில் சேர்க்கச் சொல்லியிருப்பேன். பிடிக்கவில்லை என்று இரண்டு முறை சொன்னாள், நீங்கள் இருவரும் கவனிக்கவில்லை.

சனிக்கிழமை முன்பணம் கட்டவேண்டும் என்றீர்கள். வெள்ளிக்கிழமை மாலை அவளை மட்டும் அனுப்புங்கள், கவுன்சலிங் விருப்பப் பட்டியலை அவளே எழுதட்டும். நாத்தனார் கேட்டால் என் நம்பரைக் கொடுங்கள், நான் பேசுகிறேன்.